வீடியோ கேமே படப்பிடிப்புத் தளம்: இரவல் உலகில் உருவாகும் குறும்படங்கள்

ஒரு குறும்படம் எடுக்க விரும்புபவருக்கு முதலில் தேவைப்படுவது கதை; அதற்கு அடுத்து உடனடியாகத் தேவைப்படுவது பணம். கேமரா வாடகை, விளக்குகள், நடிகர்களுக்கான பயணச் செலவு, படப்பிடிப்புக்கான அனுமதி எனச் செலவுப் பட்டியல் நீளும்போது பல கதைகள் நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடுகின்றன. இந்தத் தடையைக் கடக்க, ஏறக்குறைய 30 ஆண்டுகளாக உலகின் பல பகுதிகளில் உள்ள ஆர்வலர்கள் ஒரு மாற்று வழியைப் பின்பற்றி வருகின்றனர். தங்கள் வீட்டில் உள்ள வீடியோ கேமையே அவர்கள் படப்பிடிப்புத் தளமாக மாற்றிக் கொள்கின்றனர்.

விளையாட்டில் உள்ள நகரம் அவர்களுக்கு அரங்கம். அதில் உலவும் உருவங்கள் நடிகர்கள். ஆடுபவரின் திரையே கேமரா. இவ்வாறு எடுக்கப்படும் படங்கள் ‘மெஷினிமா’ என்று அழைக்கப்படுகின்றன. பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த முறை, பிரான்ஸின் புறநகர்க் கலவரத்தைப் பற்றிய அரசியல் படத்தையும், சர்வதேச விழாக்களில் விருது வென்ற ஆவணப்படங்களையும் தந்துள்ளது. அதேநேரம், பிறருக்குச் சொந்தமான உலகில் எடுக்கப்பட்ட படம் யாருக்குச் சொந்தம், விளையாட்டுக் காட்சியை உண்மைச் சம்பவம் என்று பார்வையாளர் நம்பிவிட்டால் என்ன ஆகும் என்ற இரு கேள்விகளையும் அது எழுப்பியுள்ளது. இவ்விரு கேள்விகளும் இந்தியாவுக்கும் புதியவை அல்ல.

பெயர் வந்த விதம்

‘மெஷின்’, ‘சினிமா’ என்ற இரு சொற்களை இணைத்து 1998-ஆம் ஆண்டில் ஆன்டனி பெய்லி என்பவர் இந்தச் சொல்லை முன்மொழிந்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹியூ ஹான்காக் அதைப் பயன்படுத்தும்போது ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டார். அந்த எழுத்துப்பிழை ‘அனிமேஷன்’ என்ற சொல்லையும் நினைவூட்டியதால் அதுவே நிலைத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே பெயரில் ஓர் இணையதளத்தையும் ஹான்காக் தொடங்கினார்.

வழக்கமான கணினி அனிமேஷனுக்கும் மெஷினிமாவுக்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடு நேரம். பெரிய நிறுவனங்களின் அனிமேஷன் படங்களில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் தேவை. ஒளி, நிழல், தலைமுடியின் அசைவு ஆகியவற்றைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டியிருப்பதால், ஒரே ஒரு பிரேமை உருவாக்கவே கணினிக்குப் பல மணி நேரம் ஆகலாம். வீடியோ கேமால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. ஆடுபவர் பொத்தானை அழுத்திய கணமே காட்சி மாற வேண்டும் என்பதால், விநாடிக்கு 30 அல்லது 60 பிரேம்களை அது அப்போதைக்கப்போதே வரைந்து காட்டுகிறது. துல்லியம் சற்றுக் குறைந்தாலும் காட்சி உடனே கிடைக்கிறது. இந்த வேகத்தைத்தான் மெஷினிமா கலைஞர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக் கொண்டனர்.

1996-இல் தொடக்கம்

அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1996-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘குவேக்’ என்ற துப்பாக்கிச் சூட்டு விளையாட்டை வெளியிட்டது. ஆட்டம் முழுவதையும் பதிவு செய்து மீண்டும் பார்க்கும் வசதி அதில் இருந்தது. தங்கள் திறமையைப் பிறருக்குக் காட்ட ஆட்டக்காரர்கள் இதைப் பயன்படுத்தினர். ‘ரேஞ்சர்ஸ்’ என்ற ஆட்டக்காரர் குழு மட்டும் அதே வசதியைக் கொண்டு ஒரு கதையைச் சொல்ல முயன்றது. அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான ‘டைரி ஆஃப் எ கேம்பர்’, மெஷினிமாவின் முதல் படமாகப் பரவலாகக் கருதப்படுகிறது.

ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் குரல் இல்லை. உரையாடல்கள் எழுத்தாகத் திரையில் தோன்றுகின்றன. ஓரிடத்தில் பதுங்கியிருந்து சுடும் ஒருவனை ரேஞ்சர் குழுவினர் வீழ்த்துவதே கதை. இன்று பார்ப்பவருக்கு அது எளிமையான முயற்சியாகவே தோன்றும். ஆனால், அதில் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை பதிவுகள் அனைத்தும் ஆடுபவரின் கண் வழியாகவே காட்டப்பட்டன. இந்தப் படத்தில் கேமரா ஆடுபவரிடமிருந்து பிரிந்து, தனியே நின்று நிகழ்வைப் பார்த்தது. விளையாட்டின் பதிவு திரைப்படமாக மாறிய இடம் அதுவே.

அக்காலத்தில் இந்தப் படங்கள் காணொலிக் கோப்புகளாக வெளியாகவில்லை. எந்த உருவம் எப்போது எங்கே நகர்ந்தது என்ற விவரம் மட்டுமே கோப்பில் இருக்கும். அதைப் பார்ப்பவரின் கணினியில் உள்ள குவேக் விளையாட்டு, அந்த விவரத்தைக் கொண்டு காட்சியை மீண்டும் வரையும். நாடகத்தின் ஒளிப்பதிவை அனுப்பாமல் நடிப்புக் குறிப்புகளை மட்டும் அனுப்புவதற்கு இது ஒப்பானது. தொலைபேசி இணைப்பு வழியே இணையம் மெதுவாக வந்த நாள்களில் இம்முறை கைகொடுத்தது. எனினும், விளையாட்டு இல்லாதவரால் படத்தைப் பார்க்க இயலவில்லை. பின்னர் இணைய வேகம் கூடியதும் சாதாரணக் காணொலிகளாக அவை வெளிவரத் தொடங்கின; விளையாடாதவர்களும் பார்வையாளர்களாயினர்.

எவ்வாறு எடுக்கப்படுகிறது?

மெஷினிமா படங்களை எடுக்கப் பொதுவாக மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது, நேரடி நடிப்பு. பல ஆட்டக்காரர்கள் ஒரே விளையாட்டுக்குள் நுழைந்து ஆளுக்கொரு பாத்திரத்தை இயக்குவர். ஒருவர் மட்டும் ஆடாமல் நின்று பார்ப்பார். அவரது திரையில் தெரிவதே ஒளிப்பதிவாகும். பொம்மலாட்டக் கலைஞர் திரைக்குப் பின்னால் நின்று நூலை அசைப்பதைப் போல, இவர்கள் விசைப்பலகையாலும் கைப்பிடிக் கருவியாலும் உருவங்களை அசைக்கின்றனர்.

இரண்டாவது, ஆடி முடித்தபின் படமெடுத்தல். ஆட்டம் முழுவதும் விளையாட்டுக்குள் பதிவாகிவிடும். பின்னர் அதை மீண்டும் ஓடவிட்டு, கேமராவை விரும்பிய இடத்தில் வைத்து, விரும்பிய கோணத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நடிப்பை உயரத்திலிருந்தும், அண்மையிலிருந்தும், பின்னாலிருந்தும் எத்தனை முறை வேண்டுமானாலும் படமாக்கலாம். 2007-இல் வெளியான ‘ஹேலோ 3’ விளையாட்டும், 2015-இல் கணினிக்கு வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ விளையாட்டும் இத்தகைய வசதியை உள்ளடக்கியே வெளிவந்தன.

மூன்றாவது, விளையாட்டின் அடிப்படை மென்பொருளையே கருவியாகக் கொள்வது. வால்வ் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘சோர்ஸ் ஃபிலிம்மேக்கர்’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. தன் விளையாட்டுகளுக்கான குறும்படங்களைத் தயாரிக்க அந்நிறுவனம் பயன்படுத்திவந்த கருவி அது. இம்முறையில் பாத்திரத்தின் விரல் அசைவு முதல் முகபாவம் வரை அனைத்தையும் படைப்பாளி தீர்மானிக்கலாம். அதற்கேற்ப உழைப்பும் கூடும்.

எந்த முறையானாலும் மற்ற வேலைகள் வழக்கமான சினிமாவுக்கு உரியவையே. கதையை எழுத வேண்டும். விளையாட்டு உலகில் அலைந்து பொருத்தமான இடங்களைத் தேட வேண்டும். திரை ஓரத்தில் தெரியும் மதிப்பெண், வரைபடம், துப்பாக்கிக் குறி ஆகியவற்றை மறைக்க வேண்டும். குரல்களைத் தனியே பதிவு செய்ய வேண்டும். பின்னர் படத்தொகுப்பும் ஒலிச்சேர்ப்பும். திரையைப் பதிவு செய்யும் ‘ஓபிஎஸ் ஸ்டூடியோ’ போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அரங்கமும் நடிகர்களும் விலையின்றிக் கிடைக்கலாம். எந்தக் கோணத்தில் வைப்பது, எங்கே வெட்டுவது என்ற அறிவு மட்டும் உழைத்துத்தான் பெற வேண்டும்.

குறைகளே உத்திகளாக...

விளையாட்டு உருவங்கள் ஓடும், குதிக்கும், சுடும். அழவோ, ஒருவரையொருவர் தோளில் தட்டவோ, தேநீர் அருந்தவோ பெரும்பாலும் அவற்றால் இயலாது. இந்தக் குறையை எப்படிக் கையாள்வது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘ரெட் வெர்சஸ் புளூ’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர்.

டெக்சாஸ் மாகாணத்தின் ஆஸ்டின் நகரில் பர்னி பர்ன்ஸும் அவரது நண்பர்களும் 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி இத்தொடரை இணையத்தில் தொடங்கினர். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ஹேலோ’ விளையாட்டில் எடுக்கப்பட்ட இக்கதையில், சிவப்பு அணியும் நீல அணியும் ஒரு வெற்றுப் பள்ளத்தாக்கில் எதிரெதிரே முகாமிட்டுள்ளன. எதற்காக அங்கே போரிடுகிறோம் என்பது அந்த வீரர்களுக்கே தெரியாது. அவர்கள் சுடுவதைவிடப் பேசுவதே அதிகம்.

ஹேலோ வீரர்களின் முகம் முழுவதும் தலைக்கவசத்தால் மூடப்பட்டிருக்கும். உதட்டசைவைக் காட்ட முடியாது என்பது அனிமேஷன் கலைஞருக்குக் குறை. ஆனால், உதட்டசைவே தெரியாத முகத்தில் எந்த வசனத்தையும் பொருத்தலாம் என்பது இக்குழுவுக்கு வசதியாயிற்று. பேசும் வீரரின் தலை மட்டும் மேலும் கீழும் அசையும். யார் பேசுகிறார் என்பது பார்வையாளருக்குப் புரிந்துவிடும். ஆடுபவரின் திரையில் தெரியும் குறிகளை மறைக்க, காட்சியின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் சேர்க்கப்பட்டன. பாத்திரங்கள் எப்போதும் துப்பாக்கியை நீட்டியபடியே நிற்பது உரையாடலுக்கு இடையூறாக இருந்தது. கைத்துப்பாக்கியுடன் கீழே பார்க்கும்போது ஆயுதம் தாழ்ந்து, தலை நேராகத் தெரியும் ஒரு மென்பொருள் குறைபாட்டை அவர்கள் கண்டறிந்து பயன்படுத்தினர். அடுத்து வந்த ‘ஹேலோ 2’ விளையாட்டில், ஆயுதத்தைத் தாழ்த்தும் வசதியை அதன் தயாரிப்பாளர்களே சேர்த்துக் கொடுத்தனர்.

சில பகுதிகளுடன் முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்கப்பட்ட இத்தொடர் 2024 வரை நீடித்தது. ‘ரூஸ்டர் டீத்’ என்ற நிறுவனமே அதிலிருந்து வளர்ந்தது. எனினும், அதே 2024-இல் அந்நிறுவனத்தை மூடுவதாக அதன் உரிமையாளரான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி அறிவித்தது.

புறநகரிலிருந்து ஒரு பதில்

மெஷினிமா வெறும் நகைச்சுவைக்கு மட்டுமே உரியதல்ல என்பதை உலகுக்கு உணர்த்தியது ‘தி ஃபிரெஞ்ச் டெமாக்ரசி’ என்ற 13 நிமிடப் படம்.

2005-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி, பாரிஸை ஒட்டிய கிளிஷி-சூ-புவா என்ற ஊரில், காவல்துறையினரைக் கண்டு ஓடிய சிறுவர்கள் ஒரு மின் துணைநிலையத்துக்குள் ஒளிந்தனர். மின்சாரம் தாக்கியதில் 17 வயதான சயீத் பென்னாவும், 15 வயதான பூனா திராவுரேயும் உயிரிழந்தனர். குடியேறிய குடும்பங்கள் செறிந்து வாழும் புறநகர்ப் பகுதிகளில் தொடங்கிய கொந்தளிப்பு நாடெங்கும் பரவி ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீடித்தது. நவம்பரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. எரியும் வாகனங்களின் காட்சிகள் உலகத் தொலைக்காட்சிகளில் இடைவிடாது ஒளிபரப்பாகின. அவ்வாகனங்களுக்குத் தீ வைத்தவர்களின் அன்றாட வாழ்க்கை குறித்து அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சீன வம்சாவளியைச் சேர்ந்த குடியேறிகளின் மகனான அலெக்ஸ் சான், அத்தகைய புறநகர் ஒன்றில் வாழ்ந்தவர். அப்போது அவருக்கு வயது 27. தொழிற்பொருள் வடிவமைப்பாளரான அவருக்குத் திரைப்பட அனுபவம் இல்லை. அந்த நவம்பர் மாதத்தில்தான் பிரிட்டனின் லயன்ஹெட் நிறுவனம் ‘தி மூவீஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டிருந்தது. ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றை நிர்வகிப்பதே அதில் ஆட்டம். ஆடுபவர் தாமே சிறு படங்களை உருவாக்கி வெளியிடும் வசதியும் அதில் இருந்தது.

சான் அதைக் கொண்டு சில நாள்களிலேயே தம் படத்தை முடித்தார். சிறுவர்களின் மரணத்தில் தொடங்கும் படம், அடையாள அட்டைச் சோதனையிலும் வேலை தேடும் இடத்திலும் அவமதிக்கப்படும் இளைஞர்களைப் பின்தொடர்ந்து, அவர்கள் கலவரத்தில் இறங்கும் வரை செல்கிறது. வன்முறை எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுவதே அதன் நோக்கம். வெளிநாட்டினருக்குச் சென்று சேர வேண்டும் என்பதற்காக வசனங்களை ஆங்கிலத்தில் எழுத்தாகச் சேர்த்தார். அந்த ஆங்கிலத்தில் பிழைகள் மலிந்திருந்தன.

அந்த விளையாட்டில் பாரிஸ் நகரம் இல்லை. அமெரிக்கப் படங்களுக்காக வடிவமைக்கப்பட்ட அரங்குகளே இருந்தன. எனவே, பாரிஸ் மெட்ரோவுக்குப் பதில் நியூயார்க் சுரங்க ரயிலின் அரங்கில் காட்சிகள் நடக்கின்றன. இவ்வளவு குறைகளுடன் வெளியான படம் இணையத்தில் வேகமாகப் பரவியது. அமெரிக்க நாளிதழ்கள் அதைப் பற்றி எழுதின. தெருக்களில் பதற்றம் தணிந்த சில நாள்களுக்குள், தொலைக்காட்சி நிறுவனமோ தயாரிப்பாளரோ இன்றி, ஒரு புறநகர்வாசியின் தரப்பு கதைப்படமாக உலகின் முன் வந்ததே அதன் முக்கியத்துவம். உண்மைக் கேமராவுடன் அதை எடுத்திருந்தால், நடிகர்களைத் திரட்டுவதற்குள்ளாகவே செய்தி பழசாகியிருக்கும்.

திரைப்பட விழாக்கள் வரை

தொழில்முறைத் திரைக்கலைஞர்களும் விளையாட்டு உலகைக் கவனிக்கத் தவறவில்லை. ‘சவுத் பார்க்’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரின் 2006-ஆம் ஆண்டுப் பகுதி ஒன்று, ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டுக்குள் எடுத்த காட்சிகளைப் பயன்படுத்தி, அடுத்த ஆண்டு எம்மி விருதை வென்றது. இந்தியத் தந்தைக்குப் பிறந்த ஜெர்மன் இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி, தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளான 2012 முதல் 2014 வரை ‘பேரலல்’ என்ற நான்கு பகுதிப் படைப்பை உருவாக்கினார். விளையாட்டுகளில் மரமும் மேகமும் நீரும் எவ்வாறு மாறிவந்தன, அந்த உலகின் எல்லையில் என்ன இருக்கிறது என்பனவற்றை அது ஆராய்ந்தது.

ஆஸ்திரியாவின் ‘டோட்டல் ரெஃப்யூசல்’ குழு 2022-இல் எடுத்த ‘ஹார்ட்லி ஒர்க்கிங்’ இன்னும் நுட்பமானது. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ விளையாட்டில் பின்னணியில் மட்டும் தென்படும் சலவைப் பெண், தெருக்கூட்டுபவர், குதிரை லாயப் பணியாளர், தச்சர் ஆகிய நால்வரையும் கேமரா பின்தொடர்கிறது. கூட்டப்படும் தெரு சுத்தமாவதில்லை. அடிக்கப்படும் ஆணியால் எந்த வேலையும் முடிவதில்லை. கதாநாயகனுக்காக உருவாக்கப்பட்ட உலகில் முடிவில்லாமல் உழைப்பவர்களைக் காட்டி, உழைப்பின் பொருள் என்ன என்று அப்படம் கேட்கிறது. லொகார்னோ திரைப்பட விழாவிலும், ஐரோப்பியத் திரைப்பட விருதுகளிலும் அது பரிசு பெற்றது.

பிரான்ஸைச் சேர்ந்த மூவர் எடுத்த ‘நிட்ஸ் ஐலேண்ட்’ என்ற 2023-ஆம் ஆண்டு ஆவணப்படத்துக்காக, ‘டேஇசட்’ என்ற இணைய விளையாட்டில் 963 மணி நேரம் செலவிடப்பட்டது. அங்கு உலவும் ஆட்டக்காரர்களைச் சந்தித்து அவர்கள் நேர்காணல் செய்தனர். பிரிட்டனில் 2021-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது வேலையிழந்த நாடக நடிகர்களான சாம் கிரேனும் மார்க் ஓஸ்டர்வீனும், வன்முறைக்குப் பேர்போன ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ விளையாட்டுக்குள் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தை அரங்கேற்ற முயன்றனர். அரங்குகள் மூடப்பட்ட காலத்தில், விளையாட்டு நகரில் இருந்த திறந்தவெளி அரங்கே அவர்களுக்கு மேடையாயிற்று. ஒத்திகையின் நடுவே முன்பின் தெரியாத ஆட்டக்காரர்கள் வந்து சுட்டுத் தள்ளுவதும் படத்தில் இடம்பெறுகிறது. கிரேனும் அவரது மனைவி பின்னி கிரில்ஸும் இயக்கிய ‘கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெட்’, 2024-இல் அமெரிக்காவின் எஸ்.எக்ஸ்.எஸ்.டபிள்யூ. விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான நடுவர் குழுப் பரிசை வென்றது.

யாருடைய படம்?

கதை, குரல், படத்தொகுப்பு ஆகியவை படைப்பாளிக்கு உரியவை. ஆனால், திரையில் தெரியும் உருவங்கள், கட்டடங்கள், ஆயுதங்கள், பின்னணி இசை அனைத்தும் விளையாட்டு நிறுவனத்தின் அல்லது அது உரிமம் பெற்ற பிறரின் சொத்து. விளையாட்டைக் கணினியில் நிறுவும்போது, படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தப்படும் நீண்ட ஒப்பந்தம்தான் இங்கு தீர்ப்புச் சொல்கிறது.

தொடக்கத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் இப்படங்களைக் கண்டும் காணாமல் இருந்தன. ரசிகர்கள் எடுக்கும் படம் தங்கள் விளையாட்டுக்கு இலவச விளம்பரம் என்பதை அவை உணர்ந்திருந்தன. 2007-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டும் பிளிஸார்டும் இதற்கென எழுத்துபூர்வ விதிமுறைகளை வெளியிட்டன. வணிக நோக்கின்றிப் படமெடுக்க அவை அனுமதி அளித்தன. ஆபாசம் போன்றவற்றுக்குத் தடை விதித்தன. படைப்பாளிகளுக்கு இது பாதுகாப்பு அளித்தது. அதேநேரம், அனுமதி அளிப்பவர் அதைத் திரும்பப் பெறவும் முடியும் என்பதையும் அது நினைவூட்டியது.

சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து மறதி. ஹான்காக் தொடங்கிய இணையதளத்தின் பெயரில் பின்னர் வளர்ந்த மெஷினிமா நிறுவனம், யூடியூபின் மிகப்பெரிய விளையாட்டுக் காணொலி வலையமைப்புகளில் ஒன்றாகத் திகழ்ந்தது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் அலைவரிசையில் இருந்த காணொலிகள் திடீரெனப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டன. விரைவில் நிறுவனமும் மூடப்பட்டது. தங்களிடம் தனிப் பிரதி வைத்திருக்காதவர்கள் பல ஆண்டு உழைப்பை இழந்தனர். ‘தி மூவீஸ்’ விளையாட்டை உருவாக்கிய லயன்ஹெட்டும் 2016-இல் மூடப்பட்டுவிட்டது. அலெக்ஸ் சானின் படம் இன்றும் காணக் கிடைப்பதற்குக் காரணம், அதன் பிரதிகள் வேறு பல இடங்களில் பாதுகாக்கப்பட்டதே. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாகிவிடக் கூடாது என்பதே இவை தரும் பாடம்.

இந்தியாவின் அனுபவம்

இந்தியாவில் பெரும்பாலானோர் கைப்பேசியில்தான் விளையாடுகின்றனர். திரையைப் பதிவு செய்யும் வசதி கைப்பேசியிலேயே இருப்பதாலும், இணையக் கட்டணம் குறைவாக இருப்பதாலும், விளையாட்டு உருவங்களை வைத்து இந்திய மொழிகளில் எடுக்கப்படும் சிறுகதைக் காணொலிகளும் நகைச்சுவைக் காட்சிகளும் யூடியூபில் ஏராளம். அவற்றை எடுக்கும் மாணவர்களில் பலருக்கு மெஷினிமா என்ற சொல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், அவர்கள் செய்வது அதையே.

இரவல் உலகின் நிலையாமையையும் இந்தியப் படைப்பாளிகள் நேரடியாகக் கண்டுள்ளனர். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடை விதித்த 118 செயலிகளில் ‘பப்ஜி மொபைல்’ விளையாட்டும் ஒன்று. இந்தியாவுக்கென அதன் மாற்று வடிவம் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியானது; ஓராண்டுக்குப் பின் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் வந்தது. பாதுகாப்பு சார்ந்த அந்த முடிவுகளின் நியாயம் தனி விவாதம். படமெடுப்பவரின் கோணத்தில், ஒரே இரவில் அரங்கமும் நடிகர்களும் காணாமல் போயினர் என்பதே அதன் பொருள்.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், நடப்பு நிகழ்வுகள் குறித்த செய்தி ஆகியவற்றுக்காகப் பிறர் படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த இடமளிக்கிறது. புதிய கதை ஒன்றைப் படமாக்கி விளம்பர வருவாய் ஈட்டுவது இவற்றுள் எதிலும் எளிதில் அடங்காது. எனவே, இந்தியப் படைப்பாளிகளும் பெரும்பாலும் நிறுவனங்களின் அனுமதி விதிகளையே சார்ந்திருக்க வேண்டியுள்ளது.

விளையாட்டு செய்தியாகும்போது...

விளையாட்டுக் காட்சிகள் மெருகேற மெருகேற, அவற்றை உண்மை என்று நம்பவைப்பதும் எளிதாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலுக்குப் பின், அத்தாக்குதலின் காட்சி என்ற பெயரில் இந்தியச் சமூக ஊடகங்களில் பரவிய ஒரு காணொலி, ‘ஆர்மா 2’ என்ற போர் விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. 2021-இல் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் நடந்த தாக்குதல் என்று சில இந்தியத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பிய காட்சி, அதன் அடுத்த பதிப்பான ‘ஆர்மா 3’-இல் இருந்து வந்தது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் ‘ஆபரேஷன் சிந்தூர்’ நடவடிக்கையின்போதும், விளையாட்டுக் காட்சிகள் உண்மைப் போர்க் காட்சிகளாகப் பகிரப்படுவதாக மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரித்தது.

ஆர்மா விளையாட்டைத் தயாரிக்கும் செக் குடியரசின் போஹேமியா இன்டராக்டிவ் நிறுவனம், 2022-ஆம் ஆண்டு நவம்பரில் இதுகுறித்து அறிக்கை வெளியிட்டு, போலிகளைக் கண்டறியச் சில அடையாளங்களைக் கூறியது. படம் மிக மங்கலாக இருப்பது, கேமரா தொடர்ந்து நடுங்குவது, காட்சி இரவில் நடப்பது, ஒலியே இல்லாதது, நடமாடும் மனிதர்கள் தென்படாதது, புகையும் தீப்பொறியும் இயல்புக்கு மாறாகப் பரவுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. விளையாட்டின் குறைகளை மறைப்பதற்காகவே இந்த மங்கலும் நடுக்கமும் சேர்க்கப்படுகின்றன.

மெஷினிமா கலைஞரும் போலிச் செய்தி பரப்புபவரும் ஒரே கருவியைத்தான் கையாள்கின்றனர். முன்னவர் இது விளையாட்டு என்பதைப் பார்வையாளரிடம் மறைப்பதில்லை. அந்த அறிவிலிருந்தே அவரது படத்தின் சுவை பிறக்கிறது. பின்னவரின் வெற்றியோ அதை மறைப்பதில் உள்ளது. எந்த விளையாட்டில் எடுக்கப்பட்டது என்பதைப் படத்தின் தொடக்கத்திலும் குறிப்பிலும் தெளிவாக எழுதுவது இந்தியச் சூழலில் மரியாதைக்காக மட்டுமன்றி, பாதுகாப்புக்காகவும் தேவைப்படுகிறது.

தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

படமெடுக்கத் தொடங்குமுன் அந்த விளையாட்டு நிறுவனத்தின் காணொலி விதிமுறைகளைப் படித்துவிடுவது நல்லது. விளையாட்டில் ஒலிக்கும் பாடல்களின் உரிமை பெரும்பாலும் வேறொருவரிடம் இருப்பதால், அவற்றை அணைத்துவிட்டுச் சொந்த இசையையோ உரிமம் தேவைப்படாத இசையையோ சேர்க்கலாம். குரல் பதிவில் சிக்கனம் பார்க்கக் கூடாது. முகபாவம் குறைந்த உருவங்களுக்கு உயிர் தருவது குரலே. படத்தொகுப்புக்கு முந்தைய காட்சிகளையும் முடிந்த படத்தையும் குறைந்தது இரண்டு இடங்களிலாவது சேமித்து வைக்க வேண்டும். இணையதளத்தில் ஏற்றியதே சேமிப்பு ஆகாது.

இத்துறையில் கற்றது வீணாவதில்லை. 1998-இல் வெளியான ‘அன்ரியல்’ விளையாட்டுக்காக உருவான அன்ரியல் எஞ்சின், இன்று திரைப்படத் தயாரிப்பிலும் பயன்படுகிறது. 2024-இல் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற ‘வார் இஸ் ஓவர்’ அதைக் கொண்டே உருவாக்கப்பட்டது. இந்தியாவிலும் அனிமேஷன், காட்சி விளைவுகள், விளையாட்டு உருவாக்கம் ஆகிய துறைகளை வளர்க்கப் பணிக்குழு அமைக்கப்படும் என 2022-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. விளையாட்டுக்குள் கேமராவை நகர்த்தப் பழகிய மாணவருக்கு அத்துறைகளின் மொழி முற்றிலும் அந்நியமாக இராது.

‘டைரி ஆஃப் எ கேம்பர்’ முதல் ‘கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெட்’ வரை, இப்படங்களை எடுத்தவர்கள் எவரும் தாங்கள் நின்ற நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். நியூயார்க் சுரங்க ரயிலைப் பாரிஸ் என்று காட்டிய படத்தைப் பார்த்தவர்கள் அரங்கைப் பற்றிக் குறைபட்டுக் கொள்ளவில்லை. அந்த ரயிலில் பயணித்த இளைஞர்களைப் பற்றியே பேசினர்.